நாளைக்கு ஆகட்டும் என்றவர்கள்

இந்த ஜூபிலி மலருக்காக நம் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை அலமாரியிலிருந்து இறக்கித் தூசி தட்டிப் புரட்டிக்கொண்டிருந்தோம். கரையான் தின்றது போக எஞ்சிய ஏடுகளில், தொடக்க காலத்தவை இலத்தீன் மொழியில் எழுதப்பட்டுள்ளன. பெயர், பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், ஊர், குருவின் கையொப்பம் ஆகிய யாவும் ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் சில வரிகளின் ஓரத்தில் மட்டும் 'இன் பெரிகுலோ மோர்த்திஸ்' என்ற மூன்று சொற்கள் காணப்படுகின்றன. 'மரண ஆபத்தில்' என்பது அவற்றின் பொருள். அவற்றுள் பல, பிறந்த அன்றே மூச்சுத் திணறிய பச்சைக் குழந்தைகளுக்கு உரியவை. வீட்டிலிருந்த யாரோ, அல்லது ஓடிவந்த உபதேசியார், அவசரமாகத் தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார். அதில் வியப்பில்லை. வயது என்ற இடத்தில் 70 என்றும் 75 என்றும் எழுதியிருந்த வரிகளின்மேல்தான் நம் விரல் நின்றுவிட்டது.

இவர்கள் தொலைவிலிருந்து வந்தவர்கள் அல்லர். நம் கோயில் மணியின் ஓசை கேட்கும் தூரத்தில் வாழ்ந்தவர்கள். தங்கள் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெறுவதற்குத் தடை சொல்லாதவர்கள். திருநாள் தேர் இழுக்கையில் வடம் பிடித்தவர்களாகவும் இருக்கலாம். ஆண்டவரின் அழைப்பு அவர்கள் காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது. ஆயினும் மூச்சு இழுக்கும்வரை காத்திருந்தார்கள். ஏன்?

அவர்களைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. கடைசி மூச்சிலாவது கேட்டார்களே, அது பெரிது. ஆனால் அந்த 'ஏன்' என்ற கேள்வி நம்மைத் திருச்சபையின் நான்காம் நூற்றாண்டுக்கு இழுத்துச் சென்றது. ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்ட காலம் அது. அக்காலத்துப் பெரிய மனிதர்களில் பாதிப்பேர் இந்தக் கதையில் வருகிறார்கள்; அரியணையில் இருந்தவர்களும் வருகிறார்கள், பின்னாளில் பீடத்தில் ஏறிய புனிதர்களும் வருகிறார்கள்.

கான்ஸ்டன்டைன் பேரரசரை நம் மக்கள் அறிவார்கள். திருச்சிலுவையைத் தேடிக் கண்டெடுத்ததாக நாம் போற்றும் புனித எலேனம்மாளின் மகன் அவர். 312ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், உரோமை நகருக்கு வெளியே மில்வியன் பாலத்தருகே தம் எதிரியை வென்றார். அந்த வெற்றி கிறிஸ்துவின் கொடை என்று நம்பினார். அடுத்த ஆண்டே கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை கிடைத்தது. மறைசாட்சிகளின் இரத்தம் காயாத நாட்டில் கோயில்கள் எழும்பின. 325இல் நிசேயாவில் ஆயர்களின் பொதுச்சங்கத்தைக் கூட்டியவரும் அவரே. ஞாயிறு தோறும் நாம் சொல்லும் விசுவாச அறிக்கைக்கு அடித்தளம் இடப்பட்டது அங்கேதான். அந்தச் சங்கத்தில் ஆயர்களின் நடுவில் அமர்ந்திருந்த மன்னர் அப்போது ஞானஸ்நானம் பெற்றவர் அல்லர்! திருப்பலியில் காணிக்கை மன்றாட்டுக்கு முன் வெளியே அனுப்பப்படும் நிலையில்கூட அவர் முறைப்படி சேர்ந்திருக்கவில்லை.

இப்படி ஓராண்டு ஈராண்டு அல்ல, மில்வியன் பாலத்திலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 25 ஆண்டுகள் சென்றன. 337ஆம் ஆண்டு பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு மன்னர் நோயுற்றார். முதலில் வெந்நீர் ஊற்றுகளை நாடினார். பிறகு தம் தாயின் பெயர் பெற்ற எலேனொப்பொலிஸ் நகருக்குச் சென்று, மறைசாட்சிகளின் ஆலயத்தில் முழந்தாளிட்டுப் பாவ அறிக்கை செய்தார். முடிவு நெருங்கியதை உணர்ந்து, நிக்கொமேதியா நகரின் புறத்தே இருந்த ஒரு மாளிகையில் ஆயர்களைக் கூட்டினார். நம் ஆண்டவர் முழுக்குப் பெற்ற யோர்தான் ஆற்றில் தாமும் முழுக்குப் பெறவேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்ததாகவும், இறைவன் வேறுவிதமாகச் சித்தம் கொண்டுவிட்டதாகவும் அவர் சொன்னதாக அக்கால வரலாறு எழுதிய செசரேயா ஆயர் யுசேபியுஸ் குறித்துள்ளார். அங்கேயே ஞானஸ்நானம் பெற்றார். வெள்ளாடை உடுத்தினார், அரசர்க்குரிய செந்நீல ஆடையை அதன்பின் தொடவில்லை. மே 22ஆம் நாள், பெந்தெகொஸ்துத் திருநாளன்று உயிர் துறந்தார்.

அழகான மரணம்தான். கீழைத் திருச்சபைகள் அவரைப் புனிதராகவே கொண்டாடுகின்றன. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் நிக்கொமேதியா ஆயர் யுசேபியுஸ். (மேலே சொன்ன வரலாற்றாசிரியர் வேறு, இவர் வேறு.) நிசேயா சங்கம் கண்டித்த ஆரியுஸின் பக்கம் நின்று, சங்கத்துக்குப் பின் சில காலம் நாடு கடத்தப்பட்டவர் இவர். உலகமெங்கும் உத்தமமான ஆயர்கள் இருந்தும், கடைசி நேரத்தில் அருகில் இருந்தவர் எவரோ அவர் கையால்தான் பெறவேண்டியதாயிற்று. தள்ளிப்போடுகிறவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏது? பிற்காலத்தார்க்கு இது மிகவும் உறுத்தியிருக்கவேண்டும். பாப்பரசர் புனித சில்வெஸ்தர்தான் உரோமையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்று ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள். லாத்தரன் பேராலயத்தருகே 1588இல் நிறுத்தப்பட்ட எகிப்தியத் தூணின் பீடத்திலும் அக்கதையையே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்லில் எழுதினாலும் நடந்தது நடந்ததுதான்.

அக்காலத்தார் ஏன் தள்ளிப்போட்டார்கள் என்பதை நாம் நியாயமாகப் பார்க்கவேண்டும். அவர்கள் ஞானஸ்நானத்தை அற்பமாக எண்ணியதால் அல்ல. மிகப் பெரிதாக எண்ணியதால்தான். ஞானஸ்நானம் எல்லாப் பாவங்களையும் கழுவிவிடும். அதன்பின் கொலை, விபசாரம், விசுவாச மறுப்பு போன்ற கனமான பாவத்தில் விழுந்தவருக்கு ஒரே ஒரு வழி உண்டு. அது வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும் பகிரங்கத் தவம். சபையார் முன்னிலையில் தவசிகள் வரிசையில் நின்று, நற்கருணை இன்றி, சில வேளை ஆண்டுக்கணக்கில் அழுது மன்றாட வேண்டும். இரண்டாம் முறை விழுந்தால் மீண்டும் அந்த வழி திறக்காது. ஆகவே மக்கள் கணக்குப் போட்டார்கள். இளமையில் பெற்றுப் பிறகு இழப்பதைவிட, ஆசைகள் அடங்கிய முதுமையில் பெற்று நேரே மோட்சம் போவது இலாபம் அல்லவா? படையில் இருப்பவன், வரி தண்டுபவன், மரண தண்டனை விதிக்கும் நீதிபதி, எல்லாரும் இப்படியே எண்ணினார்கள். வியாபாரிக்குச் சரியான கணக்கு. ஆனால் கடவுள் நம்மோடு வியாபாரம் செய்யவில்லையே.

படுக்கையில் பெறும் ஞானஸ்நானத்தைத் திருச்சபை மறுக்கவில்லை. ஆயினும் அதை ஐயக்கண்ணோடு பார்த்தது. நோயில் பெற்றவரைக் குருவாக அபிஷேகம் செய்யலாகாது என்று நியோசெசரேயாவில் கூடிய சங்கம் விதித்தது. அவருடைய விசுவாசம் விருப்பத்தால் வந்ததன்று, நெருக்கடியால் வந்தது என்பது அதற்குச் சொன்ன காரணம்.

ஆயர் வீட்டுப் பிள்ளைகளும் இந்த வழக்கத்துக்கு விலக்கல்ல என்பது இன்னும் வியப்பு. நசியான்சு நகரக் கிரகோரியார் ஆயரின் மகன். தாய் நோன்னாள் பக்தியில் பேர்போனவர். ஆயினும் மகன் ஞானஸ்நானம் இன்றியே கல்வி கற்கக் கப்பலேறினார். அலெக்சாந்திரியாவிலிருந்து ஏதென்ஸ் செல்லும் வழியில் கடும்புயல் பல நாள் கப்பலை அலைத்தது. மற்றவர்கள் உயிருக்கு அஞ்சினார்கள். தாமோ உயிர்தரும் தண்ணீரைப் பெறாமலே கொல்லும் தண்ணீரில் மூழ்கிவிடுவோமோ என்று அஞ்சியதாகப் பின்னாளில் அவரே பாடிவைத்திருக்கிறார். ஆடையைக் கிழித்துக்கொண்டு அழுதாராம். பிழைத்தால் என் வாழ்வு உமக்கே என்று நேர்ந்துகொண்டார், பிழைத்தார்.

அந்தப் புயலை அவர் மறக்கவில்லை. 381ஆம் ஆண்டு சனவரியில், மூன்று அரசர் திருநாளையொட்டி, கான்ஸ்டான்டினோப்பிள் கோயிலில் ஞானஸ்நானத்தைப் பற்றி நீண்ட மறையுரை ஆற்றினார். தள்ளிப்போடுகிறவர்களின் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து உரித்துவிட்டார். ஒருவர் இந்தத் திருநாள் வேண்டாம், பாஸ்கு வரட்டும் என்கிறாராம். பாஸ்கு வந்தால் பெந்தெகொஸ்து வரட்டும் என்கிறாராம். இன்னொருவருக்குச் சாதாரணக் குரு போதாதாம், பெரிய நகரத்து ஆயர் வரவேண்டுமாம். வேறொருவருக்கு உறவினர் எல்லாரும் கூடவேண்டுமாம்; புத்தாடை, காணிக்கை, விருந்து இவற்றுக்குப் பணம் சேரவேண்டுமாம். இதைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தோம். குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆகியும், துபாயிலிருந்து தாய்மாமன் வரட்டும் சாமி, மண்டபம் கிடைக்கட்டும் சாமி என்று நம்மிடம் சொல்லும் அன்பர்கள் அந்த மறையுரையைக் கேட்டிருந்தால் தங்கள் பெயரையே சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள்!

ஆனால் அதே மறையுரையில் சிரிக்க முடியாத ஓர் இடமும் உண்டு. சாவுப்படுக்கையைச் சுற்றி நடப்பதை அவர் எடுத்துக்காட்டுகிறார். நாக்குத் தடித்துவிட்டது, கை விறைத்துவிட்டது. ஞானஸ்நானம் கொடுக்க வந்தவர் ஒரு பக்கமும் சொத்துக்காக வந்தவர் மறுபக்கமும் முந்தப் பார்க்கிறார்கள். பதினாறு நூற்றாண்டுகள் சென்றும் அந்தக் காட்சியில் மாறியது எதுவும் இல்லை.

அவருடைய நண்பர் புனித பசிலியாரும் ஏதென்சில் படித்து முடித்து வீடு திரும்பியபின்தான் ஞானஸ்நானம் பெற்றார். பசிலியாரின் தம்பியாகிய நீசா நகரக் கிரகோரியார் தள்ளிப்போடுகிறவர்களுக்கு எதிராகவே ஒரு மறையுரை எழுதினார். அதில் ஓர் இளைஞனின் கதை வருகிறது. நாடோடிக் கொள்ளைக் கூட்டம் சுற்றுப்புறத்தைச் சூறையாடிய நாளில், நல்ல குடியில் பிறந்த அந்த இளைஞன் பகைவரின் நடமாட்டத்தை அறிய நகரை விட்டு வெளியே போனான். அம்பு பாய்ந்தது. கீழே விழுந்தவன் அருகில் குரு இல்லை, தோழன் இல்லை, தண்ணீர் வார்க்க ஒரு கை இல்லை. சுற்றியிருந்த மலைகளையும் காட்டையும் மரங்களையும் பார்த்து, எனக்கு ஞானஸ்நானம் கொடுங்கள் என்று கதறிக்கொண்டே இறந்தானாம்.

புனித அகுஸ்தினாரின் கதையை நம் தாய்மார் நன்கு அறிவார்கள். மகனுக்காகப் பல ஆண்டுகள் கண்ணீர் விட்ட புனித மோனிக்கம்மாளை மறந்த தாயும் உண்டோ? ஆயினும் அவரது வாழ்வே ஞானஸ்நானத் தாமதத்தின் வரலாறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 354இல் பிறந்த குழந்தைக்குச் சிலுவை அடையாளம் இட்டார்கள், நாவில் உப்பும் வைத்தார்கள், அதோடு நிறுத்திவிட்டார்கள். சிறுவனாக இருந்தபோது கடும் வயிற்றுவலியில் துடித்தார். ஞானஸ்நானம் வேண்டுமென்று அழுதார். தாய் ஏற்பாடு செய்தார். அதற்குள் வலி தீர்ந்தது, ஏற்பாடும் நின்றது. வளர்ந்தபின் பாவம் செய்யத்தானே போகிறான், இப்போது கொடுத்தால் பழி கூடும் என்பது எண்ணம். 'விட்டுவிடு, இன்னும் ஞானஸ்நானம் பெறாதவன்தானே' என்னும் பேச்சைத் தாம் எங்கும் கேட்டு வளர்ந்ததாக அவர் தம் 'பாவ அறிக்கை'யில் வருந்துகிறார். உடம்பு சரியில்லாத ஒருவனைப் பார்த்து, இன்னும் குணமாகாதவன்தானே, இன்னும் கொஞ்சம் காயம் படட்டும் என்று யாராவது சொல்வார்களா என்பது அவர் கேட்கும் கேள்வி. நல்ல தாயும் இதில் தவறினார் என்பதை அவர் மறைக்கவில்லை.

அகுஸ்தினாருக்கு உயிர்த்தோழன் ஒருவன் இருந்தான். அவனுடைய பெயரை அவர் எழுதவில்லை. தகாஸ்தே ஊரில் இருவரும் ஒன்றாய் வளர்ந்தவர்கள். தோழன் காய்ச்சலில் நினைவிழந்தான். வீட்டார் அவனுக்கு அந்நிலையிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். நினைவு திரும்பியதும், மானிக்கேயர் கூட்டத்தில் இருந்த அகுஸ்தினார் அதைப் பற்றிக் கேலி பேசினார்; அவனும் தம்மோடு சேர்ந்து சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். அவனோ பகைவனைப் பார்ப்பதுபோல் பார்த்து, நண்பனாக இருக்க விரும்பினால் இப்படிப் பேசாதே என்று கண்டித்துவிட்டான். உடல் தேறட்டும், பேசிக்கொள்ளலாம் என்று அகுஸ்தினார் இருந்துவிட்டார். சில நாளில், அவர் இல்லாத வேளையில், தோழன் மீண்டும் காய்ச்சல் கண்டு இறந்தான். ஊரையே வெறுத்து அகுஸ்தினார் கார்த்தேஜுக்குப் போய்விட்டார். நினைவின்றி வாங்கிய வரத்தை நினைவு வந்தபின் அந்த இளைஞன் கெட்டியாகப் பற்றிக்கொண்டான். முழு நினைவோடு இருந்த பேரறிஞரோ இன்னும் பத்தாண்டுக்கு மேல் தயங்கினார்.

கற்பைத் தாரும், ஆனால் உடனே வேண்டாம் என்ற கருத்தில் அவர் வேண்டிய வேண்டுதல் உலகப் புகழ் பெற்றுவிட்டது. 386ஆம் ஆண்டில் மிலான் நகரத் தோட்டத்தில் அந்தத் தயக்கம் உடைந்தது. 387ஆம் ஆண்டு பாஸ்குத் திருவிழிப்பில் புனித அம்புரோசியாரின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். தம்மோடு ஞானஸ்நானம் பெற்ற 15 வயது மகன் அதெயோதாத்துஸ் சில ஆண்டுகளுக்குள் இறந்தபோது, அவனைப் பற்றித் தமக்கு எந்த அச்சமும் இல்லை என்று அந்தத் தந்தையால் எழுத முடிந்தது. பெற்றோர்கள் இதைச் சிந்திப்பார்களாக.

பிறகு ஆயரான அகுஸ்தினார், தம்மைப்போல் தயங்கியவர்களை மறையுரைகளில் விடவே இல்லை. இலத்தீனில் 'நாளை' என்பதற்குக் 'கிராஸ்' என்று சொல். 'கிராஸ், கிராஸ்' என்று தள்ளிப்போடுகிறவன் காக்கையின் குரலில் கத்துகிறான் என்று அவர் வேடிக்கையாகச் சாடுவார். அவருடைய நாட்டுக் காகம் நாளை நாளை என்று கரைந்ததாம். நம் ஊர்க் காகம் என்ன சொல்கிறது? 'கா, கா' என்கிறது. நல்ல தமிழில் அதற்குக் 'காப்பாற்று' என்றே பொருள். இந்த ஒரு விஷயத்தில் நம் காகம் இலத்தீன் காகத்தைவிடப் பக்தியுள்ளது என்று ஞானோபதேச வகுப்பில் நாம் சொல்வதுண்டு.

மீண்டும் அரண்மனைக்கு வருவோம். தியோதோசியுஸ் பேரரசரும் பெறாமலே அரியணை ஏறியவர்தாம். 380ஆம் ஆண்டுவாக்கில் தெசலோனிக்கா நகரில் கடும் நோய் கண்டு, சாவோம் என்று அஞ்சி, அவ்வூர் ஆயர் அக்கோலியுசிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் சாகவில்லை! எழுந்து மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆண்டார். கணக்குப் போட்டவர்களின் பார்வையில் இது நட்டம். உண்மையில் என்ன நேர்ந்தது என்று பாருங்கள்.

390இல் அதே தெசலோனிக்காவில் கலகம் மூண்டு, படைத்தலைவன் ஒருவன் கொல்லப்பட்டான். மன்னரின் ஆத்திரத்தால் படைவீரர்கள் மக்களை வெட்டிச் சாய்த்தார்கள். 7,000 பேர் மாண்டதாகப் பழைய ஆசிரியர் ஒருவர் எழுதுகிறார். புனித அம்புரோசியார் கோயில் வாசலில் கையை நீட்டி மன்னரை மறிப்பதாக ஓவியங்களில் காண்கிறோம். நடந்தது அதைவிட அடக்கமானது. தம் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். தவம் செய்யாதவரை உம் முன்னிலையில் பலி நிறைவேற்ற எனக்குத் துணிவில்லை என்பது அதன் சாரம். மன்னர் பணிந்தார். அரச அடையாளங்களைக் களைந்து, கோயிலில் சபையார் முன் அழுதார். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளையொட்டி அவரைத் திருச்சபை மீண்டும் ஏற்றுக்கொண்டது.

இதோடு கான்ஸ்டன்டைனை ஒப்பிட்டுப் பார்ப்போம். 326இல் அவர் தம் மூத்த மகன் கிறிஸ்புசைக் கொல்வித்தார். சிறிது காலத்தில் மனைவி பவுஸ்தாளும் அவ்வாறே மாண்டார். அப்போது எந்த ஆயர் அவரிடம் கடிதம் எழுதித் தவம் செய் என்று சொல்ல முடியும்? ஞானஸ்நானம் பெறாதவர் திருச்சபையின் தவமுறைக்கு உட்பட்டவர் அல்லரே. பதினோரு ஆண்டுகள் அந்த இரத்தத்தை அவர் தனியே சுமந்தார். தியோதோசியுசின் கையிலும் இரத்தம்தான். ஆனால் அவரைத் தட்டிக் கேட்க ஒரு தந்தை இருந்தார், அழுவதற்கு ஒரு கோயில் இருந்தது. கடைசியில் மோட்சம் கிடைக்குமா கிடைக்காதா என்பதை மட்டும் வைத்துத் தாமதத்தை எடைபோடுகிறோம். இடைப்பட்ட ஆண்டுகள் முழுவதும் ஆறுதலின்றிப் போய்விடுவதை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

இந்த வரிசையில் கடைசியாக ஓர் இளம் மன்னர், இரண்டாம் வலெந்தீனியன். 392ஆம் ஆண்டு, 21 வயது. கால் நாட்டு வியேன் நகரில், தம் படைத்தலைவனின் கைப்பிடிக்குள் சிக்கித் தவித்தவர், வந்து எனக்கு ஞானஸ்நானம் கொடும் என்று அம்புரோசியாருக்கு ஆளனுப்பினார். ஆயர் புறப்பட்டார். மலைகளைக் கடக்கும் வழியிலேயே செய்தி வந்தது: மே 15ஆம் நாள் மன்னர் தூக்கில் பிணமாகக் கிடந்தார். கொலையா தற்கொலையா என்று இன்றுவரை தீர்ப்பில்லை. உடல் மிலானுக்கு வந்தது. அவருடைய சகோதரிகள், உடன்பிறந்தவன் ஞானஸ்நானம் பெறாமல் போனானே என்று கதறினார்கள். அடக்க மறையுரையில் அம்புரோசியார் அவர்களைத் தேற்றினார். அவன் கேட்டான், கேட்டதினாலே பெற்றான் என்பதே அவர் தந்த ஆறுதல். தண்ணீரின்றி இரத்தத்தால் மறைசாட்சிகள் கழுவப்பட்டார்கள் என்றால், இவனது ஆவலும் பக்தியும் இவனைக் கழுவாதா என்றார்.

'ஆசை ஞானஸ்நானம்' என்று ஞானோபதேசத்தில் நாம் படித்ததற்கு முக்கியமான சாட்சி இந்த மறையுரை. திரிதெந்தின் சங்கம் 1547இலும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இலும் இந்தப் போதனையைத் தழுவியே பேசின. ஆனால் கவனிக்கவேண்டும். அம்புரோசியார் இதைச் சொன்னது அவசரப்பட்டு ஆளனுப்பியவனுக்காக; 'நாளைக்கு ஆகட்டும்' என்றவனுக்காக அன்று. நல்ல கள்ளனையும் சிலர் இப்படித்தான் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். கடைசி நேரத்தில் மனம் திரும்பினால் போதும், அவனைப் பார் என்கிறார்கள். சுவிசேஷத்தில் நாம் காண்கிற அளவில், அவன் ஆண்டவரோடு பேசியது அந்த ஒரு நாள்தான். அந்த நாளிலேயே கேட்டுவிட்டான். அவன் தள்ளிப்போட்டதாக எங்கே எழுதியிருக்கிறது?

திருச்சபை இந்த வழக்கத்தை மெல்ல மெல்ல ஒழித்தது. குழந்தைகளுக்கும் ஆபத்தில் இருப்பவர்களுக்கும் தாமதமின்றி ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும் என்று பாப்பரசர் சிரீசியுஸ் 385இல் ஸ்பெயின் நாட்டு ஆயர் ஒருவருக்கு எழுதினார். குழந்தை ஞானஸ்நானம் பொது வழக்கமாயிற்று. ஆனால் மனித மனம் இருக்கிறதே, அது ஒரு கதவை அடைத்தால் மறு கதவைத் திறக்கும். ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட முடியாதவர்கள் தவத்தைத் தள்ளிப்போட்டார்கள். அது வாழ்நாளில் ஒருமுறைதானே! இளைஞருக்கு எளிதில் தவம் கொடுக்கவேண்டாம் என்று 506இல் பிரான்சு நாட்டு ஆக்து நகரச் சங்கமே விதிக்க வேண்டியதாயிற்று. பிறகு அயர்லாந்துத் துறவிகள் வந்தார்கள். எத்தனை முறை விழுந்தாலும் அத்தனை முறை குருவிடம் தனியே அறிக்கையிட்டு எழலாம் என்ற வழக்கத்தை ஐரோப்பாவில் பரப்பியவர்கள் அவர்களே. நம் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வழிவகுத்த அந்தப் பரதேசிகளுக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள். அப்போதும் மக்கள் தள்ளிப்போட்டதால், ஆண்டுக்கு ஒரு முறையாவது அறிக்கை செய்யவேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் கட்டளையிட்டது.

கடைசியாகத் தாமதம் போய் ஒதுங்கிய இடம் நோயாளியின் படுக்கை. நோயுற்றவரைக் குருக்கள் எண்ணெய் பூசி மன்றாடவேண்டும் என்று புனித யாகப்பர் எழுதியது குணத்துக்காகவும் மன்னிப்புக்காகவும். நடுக்காலத்திலோ அது சாகிறவனுக்கு மட்டும் உரிய சடங்காகிவிட்டது. பூசப்பெற்றவன் பிழைத்தாலும் இறைச்சி உண்ணலாகாது, வெறுங்காலோடு நடக்கலாகாது, இல்லறம் நடத்தலாகாது என்றெல்லாம் கட்டுக்கதைகள் பரவவே, மக்கள் இன்னும் அஞ்சினார்கள். நம் தமிழிலும் 'அவஸ்தைப்பூசுதல்' என்ற பெயரே அச்சத்தை ஊட்டியது. 1963இல் வத்திக்கான் சங்கம் இதை 'நோயில் பூசுதல்' என்றே அழைப்பது மேல் என்றும், இது சாவின் விளிம்பில் உள்ளவர்க்கு மட்டும் உரியதன்று என்றும் தெளிவாக்கியது. 1972இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் புதிய சடங்குமுறையை அங்கீகரித்தார். பெயர் மாறி இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன. பயம் மாறவில்லை.

இனி நம் பதிவேட்டுக்குத் திரும்புவோம். அந்த 70 வயதினரும் 75 வயதினரும் கான்ஸ்டன்டைனைப்போல் கணக்குப் போட்டிருக்கமாட்டார்கள். நம் நாட்டில் தடை வேறு. உறவு, சாதி, பங்காளி, நிலம், திருமணப் பந்தம், ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சம். இந்தக் கட்டு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு 1693ஆம் ஆண்டு மறவ நாட்டில் நடந்ததே சாட்சி. இராமநாதபுரம் சேதுபதியின் அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் தீரா நோயில் கிடந்தார். அருளானந்த சுவாமிகள் அனுப்பிய உபதேசியார் அவர்மேல் சுவிசேஷம் வாசித்து மன்றாட, குணமடைந்தார். உடனே ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியோடு மட்டும் வாழச் சம்மதமா என்று சுவாமிகள் கேட்டார். சாகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டார். சனவரி 6ஆம் நாள், மூன்று அரசர் திருநாளன்று ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்டவர்களில் சேதுபதியின் நெருங்கிய உறவான கடலாயி அரசனிடம் முறையிட்டாள். அந்தப் பெண்ணை ஏசுவதே நம் பிரசங்கிகளின் வழக்கம். தன் குற்றம் எதுவுமின்றி ஒரே நாளில் நிலையிழந்தவளின் வேதனையையும் நினைக்கத்தான் வேண்டும். இரண்டே நாளில் சுவாமிகள் சிறைப்பட்டார். பிப்ரவரி 4ஆம் நாள், விபூதிப் புதனன்று, ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. ஓர் ஆன்மாவைக் காக்கவைக்காததற்கு அவர் கொடுத்த விலை அது.

நாம் வேறொரு பங்கில் இருந்தபோது நடந்ததைச் சொல்லுகிறோம். முப்பது ஆண்டுகளாகத் தவறாமல் திருப்பலிக்கு வந்த பெரியவர் ஒருவர் படுக்கையில் விழுந்தார். பதினொரு நாள் கிடந்தார். பங்கு இல்லத்துக்கு நடந்து வர பத்து நிமிடம் ஆகாது. யாரும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். பரிசுத்த எண்ணெயை எடுத்துக்கொண்டு ஓடினோம். போய்ச் சேர்ந்தபோது தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மூத்த மகன் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, அப்பா நாலு நாளா உங்களைத்தான் கேட்டாங்க. சாமியாரைக் கூப்பிட்டா பயந்துடுவாங்கன்னு நாங்கதான் நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிட்டோம்" என்று தேம்பினான். பயந்தது அப்பா அல்லர். அன்று அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வலெந்தீனியனின் சகோதரிகளுக்கு அம்புரோசியார் சொன்னதைத்தான் நாமும் சொன்னோம். உங்கள் அப்பா கேட்டார்; ஆண்டவர் காதில் விழாமல் இராது என்றோம். மகனுக்கு அது பாதி ஆறுதல்தான். மறுபாதிக்கு நம்மிடம் மருந்து இல்லை.

ஆகையால் பங்குமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் நோயாளி இருந்தால், அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர் இருந்தால், முதுமையால் தளர்ந்தவர் இருந்தால், நினைவோடும் பேச்சோடும் இருக்கும்போதே சொல்லியனுப்புங்கள். நள்ளிரவானாலும் தயங்கவேண்டாம், பங்கு இல்லத்தின் கிழக்குப் பக்கத்து அழைப்பு மணி இப்போது நன்றாக வேலை செய்கிறது.

போன மழைக்காலத்தில் நம் பங்கின் பாட்டியம்மாள் ஒருவர் பேரனைச் சைக்கிளில் அனுப்பினார். போய்ப் பார்த்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். "லேசாத்தான் காய்ச்சல் சாமி. ஆனா வயசு எண்பத்திரண்டு ஆச்சே, பூசிட்டுப் போங்க" என்றார். பாவசங்கீர்த்தனம் செய்தார், பூசுதல் பெற்றார், திவ்விய நற்கருணை உட்கொண்டார். மூன்றாம் வாரம் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு காலைப் பூசைக்கு வந்துவிட்டார். பூசை முடிந்து சக்கிறீஸ்து வாசலில் நம்மை நிறுத்தி, "அன்னிக்கு எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாத் தடவியிருக்கலாமே சாமி, முழங்கால் வலி அப்படியே இருக்கு" என்றார்.